மேரி அக்காவின் கதிரைக்கு மேலே போன குழாய்

தீவுப் பகுதியில் கொம்பிரசர் காற்றுக்குக் குழாய் பூட்டுகிறவனுக்கு வாடிக்கையாளர் எல்லோருமே வாத்தியார்மார். இந்தத் தொழிலில் மாட்டுப்பட்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கேற்றுக்கு வந்த கதி

ஊர்காவற்றுறையில் மேரி அக்கா பைபர் படகுகளைத் திருத்திப் பெயின்ற் அடித்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கொம்பிரசரிலிருந்து பெயின்ற் அடிக்கும் இடம்வரை காற்றுக்குக் குழாய் வேண்டும் என்றார். இரும்புக் குழாய் என்று நான் வாய் திறந்ததும் வாசல் கேற்றைக் காட்டினார். உப்புக் காற்றுத் தின்றது போக அதில் பூட்டு மட்டும்தான் உருப்படியாக இருந்தது. தண்ணீர்த் தாங்கிக்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. குழாய் மூலையில் கிடந்தது. அது துருப்பிடிக்காதாம். காற்றுக்கு ஆகாது, வெடிக்கும் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். மேரி அக்காவிடம் உரத்துச் சொன்னவர்கள் ஊரில் இல்லை.

"தண்ணியையே தாங்குது தம்பி, காத்து என்ன பாரமோ?"

ஈரப் பெயின்றில் ஒரு விரல்

பூட்டிக் கொடுத்துவிட்டேன்; வெட்கக்கேடுதான். இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. மேரி அக்கா அந்தக் குழாய்க்கு நேர் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்துகொண்டு பட்டறையை ஆண்டார். என்னைக் காணும்போதெல்லாம் "வெடிச்சிட்டுதோ?" என்று நக்கல் வேறு.

ஒருநாள் ஒரு வால்வு மாற்றப் போயிருந்தேன். அனலைதீவிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர், தன் படகு காய்ந்துவிட்டதா என்று ஈரப் பெயின்றில் விரலை வைத்தார். மேரி அக்கா கதிரையை விட்டுப் பாய்ந்துபோய் ஏசத் தொடங்கினார். பாதி ஏச்சில் பின்னால் படீர் என்று ஒரு சத்தம். தண்ணீர்க் குழாய் வெடித்தால் ஒழுகும்; காற்றுக் குழாய் வெடித்தால் துண்டு துண்டாகப் பறக்கும். ஒரு துண்டு கதிரையின் முதுகைத் துளைத்துக்கொண்டு நின்றது. நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன். என் கைவேலை ஒரு மனுசியைக் கொல்லப் பார்த்திருக்கிறது. படகுக்காரர் விரலில் நீலப் பெயின்றோடு மேரி அக்காவைக் கும்பிட்டார்.

"அக்கா, நிப்பாட்டாதேங்கோ, இன்னும் கொஞ்சம் ஏசுங்கோ."

செப்புக்கு வந்த வாழ்வு

அடுத்த நாளே ஆலோசனைக் கூட்டம். கனடாவில் இருக்கும் அக்காவின் தம்பி வீடியோவில் வந்து அலுமினியம் என்றார். நல்லதுதான். ஆனால் ஒரு மூட்டுப் பழுதானால் கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை படகுகள் கரையில் தவம் கிடக்க வேண்டும். இரும்பென்றால் உள்ளேயும் துருப்பிடித்து, அந்தத் தூள் பெயின்றில் வந்து படியும். இந்தமுறை நான் உரத்துச் சொன்னேன், செப்பு என்று. பச்சை பிடிக்குமே தவிர உக்காது. மூட்டுகளை நானே ஒட்டிவிடுவேன். காற்றில் சேரும் ஈரம் ஒரு பக்கமாக வடியட்டும் என்று குழாயைக் கொஞ்சம் சரிவாகப் பூட்டினேன். அதுவரை வாயே திறக்காத அக்காவின் புருசன் அண்ணாந்து பார்த்தார்.

"இவருக்கு நேராப் பூட்டவும் ஏலாது."

ஐந்து நிமிடம்

கொம்பிரசரைப் போடும் நேரம் வந்தது. மேரி அக்கா ஓட்டை விழுந்த அதே கதிரையை இழுத்துவந்து புதுக் குழாயின் கீழே வைத்தார். தான் இருக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இருந்தேன். அமுக்கமானியின் முள் ஏற ஏற, பூட்டும்போது நம்பிய மூட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகமாயின. எங்கள் பிள்ளையாரையும் அவர்களுடைய அந்தோனியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். மேரி அக்கா மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

"நல்ல குழாய் எண்டால் அஞ்சு நிமிசம் இரும் தம்பி, பிறகு நான் இருக்கிறன்."

குழாய்க்குக் கீழே முதல் கதிரை எனக்குத்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் நல்ல பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது.