தெற்கு பார்த்த வாசல்

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்து ஏழாவது மாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோன மூன்றாம் நாள் காலை, கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சீன அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் வட்டத்துக்குள் வட்டமாகப் பொடிப்பொடியாய்ச் சீன எழுத்துகள், நடுவே நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊசி. என்னைக் கண்டு அவர் பதறவுமில்லை, நகரவுமில்லை. சற்றுப் பொறு என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு மறுபடி ஊசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்க ஆபீசிலிருந்து வீட்டை அளக்க வந்தவர் என்று நினைத்து, உள்ளே ஓடிப் பத்திரங்களை அள்ளிவந்து நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் ஆட்டி, “நோ, நோ, ஐ நோ ரீட் இங்கிலீஷ்” என்றார். படித்துச் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். கால் மணி நேரச் சைகைக்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் பக்கத்து வீட்டு மேடம் லிம். மகனுக்குக் கல்யாணம் வருவதால் வீட்டின் திசையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் வீட்டு வாசலில் இரும்புக் கிராதி இருப்பதால் ஊசி பொய் சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு இன்னும் கிராதி மாட்டவில்லை. ஒரே வராந்தா, ஒரே வரிசை, ஆகவே ஒரே திசை.

ஊசி ஒருவழியாக நின்றது. மேடம் லிம் முகம் மலர்ந்து கட்டை விரலை உயர்த்தினார். “சவுத்! யூ வெரி லக்கி!”

தெற்கா! ரயில் நிலையம் பக்கத்தில், சந்தை பக்கத்தில் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டில் திசையை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறோம். ஏழாவது மாடியில் எல்லாப் பக்கமும் வானம்தான், அதில் கிழக்கு எது மேற்கு எது என்று யார் கேட்டார்கள்? தெற்கு பார்த்த வாசல் என்றால் எங்கள் காரைக்குடிப் பக்கம் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். அது எமன் திசை. இத்தனைக்கும் நாங்கள் நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள், எமனுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் வீடு கட்டும்போது மட்டும் எங்கள் ஆட்களும் அடுப்பைத் தென்கிழக்கு மூலையில்தான் வைப்பார்கள். சர்ச் சாமியார் வீட்டை மந்திரிக்க வரும்போது கேட்டால், காற்று வாகுக்கு என்று சொல்லிவிடுவார்கள். அவரும் அதே ஊர்க்காரர்தான், சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார்.

இதில் சேராத ஒரே ஆள் என் அப்பா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா இறந்த பிறகும் சரி, அதற்கு முன்பும் சரி, வாடகை வீடுதான். ஒன்பது வீடுகள் மாறியிருக்கிறோம். வாத்தியார் குடும்பத்துக்குக் கிடைப்பது எப்போதும் யாரோ ஒருவர் வீட்டின் பின்கட்டு, இல்லையென்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. எந்த வீட்டிலும் வாசல் எங்களுடையதாக இருந்ததில்லை. ஓய்வு பெற்றதும் அப்பா கோவிலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மனை வாங்கினார். தெரு மனைக்குத் தெற்கே ஓடியது. அந்த ஒரே குற்றத்துக்காக வருடக்கணக்கில் யாரும் சீண்டாமல் கருவேலம் மண்டிக் கிடந்த மனை அது. அப்பா எனக்கு அனுப்பிய கடிதத்தில் வரைதாள் ஒன்றை மடித்து வைத்திருந்தார். பென்சிலில் வீட்டின் வரைபடம், தெற்குச் சுவரின் நட்டநடுவில் வாசல், வாசலுக்கு உள்ளே ஒரு சிறு சதுரம். சதுரத்துக்குப் பக்கத்தில் ‘என் நாற்காலி’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: தென்றல் என்று பேர் வைத்திருக்கிறோம், அது வரும் வழியை மட்டும் ஏன் அடைக்க வேண்டும்?

அஸ்திவாரம் போட்ட வாரத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சித்தப்பா எனக்கு எழுதிய நீலநிறக் கடிதத்தில் வாயு இல்லை, தெற்குதான் இருந்தது. ‘அண்ணன் கேட்கமாட்டேன் என்கிறார், நீ சொன்னால்தான் கேட்பார்’ என்று முடித்திருந்தார். அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும், மேடம் லிம் என் வாசலில் ஊசியோடு நின்றதும் ஒரே வாரம். என் வீட்டு வாசலை என்னால் திருப்ப முடியாது, அது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி. அப்பா வீட்டில் இன்னும் சுவர் எழும்பவில்லை. ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், மனம் தன் பயம் முழுவதையும் கொண்டுபோய் அதன் மேல் கொட்டிவிடுகிறது. இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும். ஊரில் இருப்பவர் ஏதாவது ஒன்றென்றால் எழுந்து ஓடலாம். நமக்கு ஓட வழியில்லை, அதனால் ஊரிலிருந்தபோது கேலி செய்த சாஸ்திரத்தையெல்லாம் இங்கே வந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்திருப்பார், நான் அழைப்பேன். அது அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ள ஏற்பாடு. அந்த ஞாயிறு நான் நலம்கூட விசாரிக்கவில்லை.

“அப்பா, வாசலக் கெழக்க திருப்பிருங்கப்பா. தெருப்பக்கம் இரும்புக் கேட்டு மட்டும் இருக்கட்டும். எல்லாரும் அப்புடித்தான கட்டுறாக.”

“என்னத்தா, நீயுமா? பைபிள்ல எங்குட்டாச்சும் தெக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கா?”

“ஒங்க நெஞ்சுவலியுந்தான் பைபிள்ல எழுதல. ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் வந்து சேர ஒரு நாளாகும். அத நெனச்சுப் பாத்தீகளா?”

பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே மெதுவாக, “கெழக்க பக்கத்து வீட்டுக்காரக சுவருல்லத்தா நிக்கிது. காத்து எங்குட்டு வரும்?” என்றார்.

“ஃபேன் போட்டுக்கங்க.”

முப்பது வருடம் பிள்ளைகளோடு விடாமல் வாதாடிய மனிதர், “சரித்தா” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாசல் எந்தத் திசை என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மேடம் லிம்முக்கும் எனக்கும் அதன் பிறகு பழக்கமாகிவிட்டது. கிராதி மாட்டிய பிறகும் அதன் இடுக்கு வழியே ஆரஞ்சுப் பழங்கள் வரும், நான் முறுக்கு கொடுப்பேன். திசை பற்றிய பாடம் மட்டும் நிற்காது. ஃபெங் சுயி என்று அவர்கள் சொல்வது காற்றும் தண்ணீரும்தானாம். வீடு வடக்கே முதுகைக் கொடுத்துத் தெற்கே முகத்தைக் காட்ட வேண்டும். அவர் தாத்தா பிறந்த நாட்டில் வடக்கிலிருந்து வருவது குளிர், தெற்கிலிருந்து வருவது வெயில். அவர்கள் ஊசியின் பெயரே தெற்கு காட்டி என்று அவர் சொன்னபோது நான் அசந்துபோனேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வடக்கு காட்டிய அதே ஊசிதான். நாம் ஒரு முனையைப் பார்க்கிறோம், அவர்கள் மறுமுனையைப் பார்க்கிறார்கள்.

ஒருநாள் அவருக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொத்தமங்கலத்துப் பெரிய வீடு ஒன்றின் புகைப்படத்தைப் பெருமையாகக் காட்டினேன். முன்வாசலில் நின்று பார்த்தால் முற்றமும் கட்டுமாகத் தாண்டி, பின்வாசல் வழியே அடுத்த தெரு தெரியும் வீடு. மேடம் லிம் தலையில் கை வைத்துக்கொண்டார். நேர்கோட்டில் வாசல்கள் இருந்தால் முன்னால் வரும் அதிர்ஷ்டம் நிற்காமல் பின்னால் ஓடிவிடுமாம். எனக்குச் சுருக்கென்றது. பர்மாவிலும் மலாயாவிலும் வியாபாரம் செய்து கொடிகட்டிப் பறந்தவர்கள் வீடம்மா அது என்றேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார். “நவ் ஹூ ஸ்டே இன்சைட்?” யாருமில்லை, திருவிழா, கல்யாணத்துக்கு வந்து திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மேடம் லிம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறுக்கைக் கடித்தார். எனக்கு அன்று முழுவதும் அவர் மேல் கோபம்.

அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, அப்பா வீட்டைப் பற்றிச் சொல்லி மடக்கலாம் என்று நினைத்தேன். வீடு கட்டி முடித்து அப்பா குடிபோய் அப்போது ஒரு வருடம். மேடம் லிம் முதலில் அப்பா பிறந்த வருடத்தைக் கேட்டார். முப்பத்து நாலு என்றேன். விரல் விட்டு எண்ணி, ஒரு தாளில் கூட்டிக் கழித்து, “யுவர் ஃபாதர், சவுத் பெஸ்ட்!” என்றார். நாங்கள் கிழக்கே திருப்பிவிட்டோம் என்றேன். கிழக்கும் அவருக்கு ஆகும், ஓகே என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. “இன் ஃப்ரன்ட், காட் வாட்?” வாசலுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

சுவர் என்றேன்.

எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். மேடம் லிம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். வாசலுக்கு முன்னால் வெட்டவெளி இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் திசையெல்லாம் என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், “ஹீ ஓல்ட் மேன், எவ்ரி டே லுக் அட் வால்?” என்று கேட்டார். பாவம், பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வந்து உள்ளே போக வேண்டியதாகிவிட்டது.

தொண்ணூற்று ஏழு டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். புறப்படும்போது மேடம் லிம் தீப்பெட்டி அளவில் ஒரு திசைகாட்டியைக் கையில் திணித்தார். அப்பாவின் வீட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். தெருவிலிருந்து கேட்டைத் திறந்து, சுவரை ஒட்டிய சந்தில் பத்து எட்டு நடந்து, இடது பக்கம் திரும்பினால் வாசல். நல்ல தேக்கு நிலை, மேலே சிலுவை. படியில் நின்று திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அப்பா அதற்கு அவரே வெள்ளை அடித்திருந்தார். திசைகாட்டியை எடுத்து வாசலில் பிடித்தேன். கிழக்கு அச்சுப் பிசகாமல் கிழக்காகத்தான் இருந்தது. கொத்தனார் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்.

அப்பாவின் நாற்காலி வாசலில் இல்லை. தேடிப் போனால், தெருப்பக்கத்துப் படுக்கையறையில், தெற்கு ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலின் கீழ்ச்சுவர் நெஞ்சு உயரம். உட்கார்ந்தால் தெரு தெரியாது. அதனால் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். ஏறி உட்கார ஒரு சின்ன முக்காலி வேறு. அறுபத்து மூன்று வயது மனிதர் நாள்தோறும் முக்காலியில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்து, தன் வீட்டுக்குள்ளிருந்தே தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபேன் போட்டுக்கங்க என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“ஜன்னல இடிச்சு வாசலாக்கிருவமாப்பா? நாளைக்கே கொத்தனாரக் கூப்புடுறேன்.”

“வேணாந்தா. இனிமே அங்குட்டு இங்குட்டு மாத்துனா வீட்டுக்கே திசை தெரியாமப் போயிரும்.” சிரித்தார். என் கையிலிருந்த திசைகாட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சாதாரணமாகக் கேட்டார். “ஆமா, ஒங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்?”

மூன்று வருடம் தள்ளிப்போட்ட பதிலை அன்று சொன்னேன். “தெக்கு.”

அப்பா திசைகாட்டியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். “அப்ப நான் வரஞ்ச வீட்டுல நீ இருக்க. நீ சொன்ன வீட்டுல நான் இருக்கேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்கு சரியாக வந்துவிட்டதைப் போலச் சொன்னார். பிறகு, “வாசல்ல ஒக்காந்தா என்ன தெரியும், காத்து வருமா?” என்று கேட்டு, கேட்பதற்கு வசதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரங்களையும், கீழே பஸ் வந்து நிற்பதையும், மதியத்துக்கு மேல் வராந்தாவில் துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக வாசலுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டேன், அப்பாவின் வரைபடத்தில் அந்தச் சதுரம் இருந்த இடத்தில். ஞாயிற்றுக்கிழமை பூத்தில் அப்பா நலம் விசாரிப்பதைச் சுருக்கிக்கொண்டுவிட்டார். “காத்து வருதாத்தா?” என்பதுதான் இப்போது முதல் கேள்வி. தொலைபேசிக் கம்பியை நீளமாக வாங்கி வைத்திருக்கிறேன். அதை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரிசீவரைக் கிராதிக்கு வெளியே நீட்டுவேன். சில நாள் இலைகூட அசையாது. இருந்தாலும் நீட்டுவேன். தெற்கே பார்த்து நான் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, காரைக்குடி என் வலது தோளுக்குப் பின்னால், முதுகுப் பக்கம் இருக்கிறது. கையை உள்ளே இழுத்து ரிசீவரைக் காதில் வைத்தால், அங்கிருந்து அப்பா சொல்லிக்கொண்டிருப்பார்: “வருதுத்தா, வருது.”