செய்யாத திருட்டுக்கு ஒரு சாட்சி

பிள்ளைகளே, மரக்காணத்துப் பழைய ஆள் யாராவது உங்களைப் பார்த்து, "ஒங்கப்பா உப்பு மூட்டை திருடினவராச்சே" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அதை ஊருக்குச் சொன்னது நான்தான். மைக் வைத்துச் சொன்னேன். ஆனால் நான் திருடவில்லை. ஏழாவது வரை படித்தவனுக்கு எழுத வருகிற அளவில் அதை எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உப்பளத்தில் வாருகிற வேலை. கழியில் அடித்த பலகையால் பாத்திக்குள் விளைந்த உப்பை இழுத்து வரப்போரம் குவிக்க வேண்டும். மேஸ்திரி எங்களைப் பாத்திக் கணக்கில்தான் கூப்பிடுவார். "டேய் மூணாவது பாத்தி, இன்னாடா வேடிக்கை?" அந்த மூணாவது பாத்தி நான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

அந்தக் காலத்தில் ஏசுவைப் பற்றிச் சொல்ல ஊழியக்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து உப்பளத்துப் பக்கம் நடப்பார். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை. ஒரு நாள் வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் குடத்திலிருந்தே தண்ணீர் குடித்தார். பெயர் கேட்டார். அடுத்த வாரம் வந்தபோது தூரத்திலிருந்தே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பலகையைக் கீழே போட்டுவிட்டேன்.

"தம்பி, நீ கணக்குக்குப் பொறந்தவன் இல்ல. ஒன்னத் தெரிஞ்சே ஒருத்தர் உண்டாக்கியிருக்காரு" என்றார்.

நான் விசுவாசத்துக்கு வந்த கதை இவ்வளவுதான். வெளிச்சம் எதுவும் பார்க்கவில்லை, அழவும் இல்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் வாரிக்கொண்டிருந்தபோது, இந்தக் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மேஸ்திரி பார்க்கிற மாதிரி இல்லை. வேறு மாதிரி. அதற்குப் பிறகு நான் ஏன் பிறந்தேன் என்கிற கேள்வி என்னை அரிக்கவில்லை. மாசி மாதம் கடலில் ஞானஸ்நானம் வாங்கினேன். உங்கள் அம்மாவும் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலைக் கொட்டகையில் கூடுவோம். ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தங்களை எப்படித் திருத்தினார் என்று சாட்சி சொல்வார்கள். குடித்தேன், அடித்தேன், செத்துப் பிழைத்தேன் என்பார்கள். என் முறை வந்தால், "மனசு நிம்மதியா இருக்குதுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

சித்திரையில் பெரிய கூட்டம் வைத்தார்கள். மெட்ராசிலிருந்து பெரிய ஊழியக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. இரண்டு நாளுக்கு முன்னால் ஊழியக்காரர் என்னை வரப்பில் உட்கார வைத்துக் கேட்டார்.

"தம்பி, நீதான் சாட்சி சொல்ற. நீ குடிச்சிருக்கியா?"

"இல்லீங்கய்யா."

"பொஞ்சாதிய அடிச்சிருக்கியா?"

"நான் அடி வாங்காம இருந்தா போதுங்கய்யா."

"பீடி?"

"எப்பவாச்சும் ஒண்ணு."

"பீடி பத்தாதுப்பா" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு குவித்திருந்த உப்பைப் பார்த்தார். "இவ்ளோ உப்புல கெடக்கற, ஒருநாள்கூட எடுத்துக்கினு போனதில்லையா?"

"கொழம்புக்கு ஒரு கை எடுப்போம். எல்லாருந்தான் எடுப்பாங்க. மொதலாளிக்கே தெரியும்."

"அதான் தம்பி! ஆண்டவர் முன்னாடி ஒரு கையும் ஒண்ணுதான், ஒரு மூட்டையும் ஒண்ணுதான். மூட்டைன்னு சொல்லு. ஜனங்களுக்குப் புரியும்."

எனக்கு நெருடியது. ஆனாலும் என் பெயர் தெரிந்த மனிதர் கேட்கிறார். சரிங்கய்யா என்றேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் ஐந்து மணி. பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் உப்பளத்துப் பக்கமே திரும்பியிருந்தது. நான் மூட்டை என்றதும் கூட்டம் "அல்லேலூயா" என்றது. அந்தச் சத்தத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு மூட்டை பத்து மூட்டையானது. கால்வாயில் உப்பு ஏற்றுகிற படகுக்காரனோடு கூட்டு என்றேன். அதை ஊழியக்காரர் சொல்லித் தரவில்லை, நானே சேர்த்தேன். இதை மறைத்துவிட்டு அவரை மட்டும் குற்றம் சொன்னால் நான் மனுஷன் இல்லை. மெட்ராஸ்காரர்களில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உங்கள் அம்மா பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கால்வாய்க்கரையில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஆறு காணவில்லை. மேஸ்திரி நேராக மூணாவது பாத்திக்குத்தான் வந்தார்.

"எங்கடா வெச்ச?"

"நான் இல்லீங்க மேஸ்திரி."

"ஏம்பா, நீயே மைக்குல சொன்ன. மொதலாளி வூட்டு வரைக்கும் கேட்டுது. இப்ப இல்லேன்றியா?"

"அது… சாட்சிக்குச் சொன்னதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாட்சின்னா நெசத்தச் சொல்றதுதானேடா? ஒங்க கோயில்ல வேற மாதிரியா?" என்று ஒருவன் கேட்டான்.

ஊழியக்காரர் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவருக்குத்தானே எல்லாம் தெரியும்! சொல்லி அனுப்பியதும், மறுநாள் காலை பஸ்ஸிலேயே வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மேஸ்திரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"பாதிரியாரே, இவன் அன்னிக்குச் சொன்னது நெசமா, பொய்யா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஊழியக்காரர் என்னைப் பார்க்கவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பிறகு கையைக் கூப்பினார்.

"இவருடைய பழைய பாவத்த ஆண்டவர் மன்னிச்சிட்டாருங்க. நீங்களும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்க."

எவ்வளவு அழகான வார்த்தை பாருங்கள்! கேட்டவர்கள் எல்லாம் அவரை நல்லவர் என்றார்கள். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. பொய் என்று சொன்னால் மெட்ராஸ்காரர்கள் முன்னால் நடந்த கூட்டமே பொய்யாகிவிடும். அந்தக் கூட்டத்தைக் காப்பாற்ற என்னைக் கொடுத்துவிட்டார். முதலாளி போலீசுக்குப் போகவில்லை. மறுநாள் முதல் வரவேண்டாம் என்றார்கள். அக்கம்பக்கத்து உப்பளங்களிலும் அந்த வருஷம் யாரும் என்னை வேலைக்கு இறக்கவில்லை.

உங்கள் அம்மா சொன்னாள்: "அவரு ஒன்ன இட்டுக்கினு போனது ஆண்டவர்கிட்டன்னு நெனச்சேன்யா. மைக்குகிட்டதான் இட்டுக்கினு போயிருக்காரு."

அடுத்த ஞாயிறு கொட்டகையில் நானாகவே எழுந்தேன். "நான் மூட்டை எடுக்கலீங்க. எடுத்தேன்னு இந்த சபையில எல்லாரையும் ஏமாத்தினேன். அதான் என் பாவம். இப்படிச் சொல்லச் சொன்னது…" என்று ஆரம்பித்தேன். ஊழியக்காரர் கஞ்சிராவைத் தட்டிப் பாட்டை எடுத்துவிட்டார். நான் பாட்டுக்கு அடியிலேயே பேசிக்கொண்டிருந்தேன். முன் வரிசைக்கு மட்டும் கொஞ்சம் கேட்டிருக்கும்.

பாட்டு முடிந்ததும், "தம்பி சோர்ந்துபோய் விசுவாசத்துலேருந்து பின்வாங்கிட்டாரு. அவருக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. எதிரே பார்த்தால் அவரும் மூடவில்லை. உதடு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இல்லை. சும்மா இரு தம்பி என்கிற கெஞ்சல்தான் இருந்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஆண்டவரையும் விட்டுவிடலாம் என்றுதான் நடந்தேன். அவரை எனக்குக் காட்டினவரே இப்படி என்றால் ஆண்டவர் மட்டும் என்ன? இனி ஆண்டவரிடம் பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பாதி வரப்பு தாண்டியபோது பார்த்தால், நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம்தான் சொல்லிக்கொண்டு போகிறேன். படகுக்காரன் கதையை நான் சேர்த்ததைக்கூட. வேறு யாரிடம் சொல்வது? மூணாவது பாத்தியும் போய்விட்டது, சபையும் போய்விட்டது. அப்படியும் அவர் என்னை என் பெயரில் தெரிந்துதான் வைத்திருந்தார்.

பிறகு கூனிமேட்டில் கருவாட்டு வியாபாரம் பண்ணுகிற ஒரு பாயிடம் போனேன். வேலை கேட்பதற்கு முன்னால் முழுக்கதையையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அடப்பாவி, செய்யாத தப்ப மைக் போட்டு சொன்ன ஆளு, செஞ்சத எங்க மறைக்கப் போற! நாளைக்கி வா" என்றார். நீங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தக் கருவாட்டு வாடையில்தான்.

ஊழியக்காரரை அப்புறம் ஒரே ஒரு தடவை வானூர் சந்தையில் பார்த்தேன். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், மறக்கவில்லை. "ஒனக்காக ஜெபிச்சிக்கினேதான் இருக்கேன் தம்பி" என்றார். நான் செய்யாததற்காக என்னை மன்னிக்கச் சொல்லி ஊரிடம் கைகூப்பியவர், அவர் செய்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று வெங்காயக் கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டார்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் எழுதினால் இந்தக் காகிதம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற மனசைத்தான் தினமும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.