ஆளுக்கொரு பாத்தி

எங்கள் அண்ணன் சென்றாயன் ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிரில் மாஸ்டர். 'தற்காலிக' என்ற சொல்லை ஊரில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அண்ணன் மட்டும் ஒருநாளும் அதை மறந்ததில்லை. ஏழு வருஷமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் 'மேலும் ஓராண்டுக்கு' என்று ஒரு தாள் வரும். அது வந்து சேரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டோம்.

உலகப் போர் நடந்தபோது அவர் பெங்களூர் ராணுவ முகாமில் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். கிடங்கு ஜன்னலுக்கு எதிரே சிப்பாய்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். கம்பளிகளை மடித்துக்கொண்டே நாலு வருஷம் அதைப் பார்த்தார். அவர் பெற்ற பயிற்சி அவ்வளவுதான். பந்தைத் தொட்டதில்லை.

பள்ளிக்கூடத்தின் கமிட்டித் தலைவர் திம்மராயன். நிலபுலம் உள்ளவர். அவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"சென்றாயா, கூடைப்பந்துல சின்னப் பசங்க கப்பை மூணு வருஷம் விடாம ஜெயிச்சா அது நமக்கே சொந்தம். மூணாவது கப்பு வரட்டும், உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்."

அண்ணன் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, "ஆகட்டுங்க அய்யா" என்றார்.

பையன்களுக்கு ஆடத் தெரியாது. அண்ணனுக்குச் சொல்லித்தரத் தெரியாது. ஆனால் அவர்கள் எல்லாரும் ராகிக் கொல்லையில் காவல் இருந்து வளர்ந்தவர்கள். ஆடு வந்தால் விரட்டுவார்கள்; பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்ந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். வளையத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பொடியால் ஐந்து பாத்தி போட்டார்.

"இது உன் பாத்தி. இதுக்குள்ள பந்து வந்தா தள்ளி விடு. வெளிய போகாத. பக்கத்துப் பாத்தி அவன் பாடு."

பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு நடுகல் மாதிரி நின்றார்கள். வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் அந்த வேலியைத் தாண்ட முடியாமல் தூரத்திலிருந்து வீசிவீசிக் களைத்தார்கள். நாலுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று என்று ஆட்டம் முடியும். பார்க்க வந்தவர்கள் பாதியில் எழுந்து சந்தைக்குப் போய்விடுவார்கள். இரண்டு வருஷம் இரண்டு கப்பு. தலைமையாசிரியர் அறை பீரோவின் மேல் வைத்து, மாவிலை கட்டினார்கள். அந்த அணியின் நெட்டைப் பையன் ஒருவன் பந்தை ஒருமுறைகூடத் தரையில் தட்டாமலே எட்டாவது முடித்துப் போனான். அவனுக்குத்தான் சிறந்த ஆட்டக்காரன் என்று மெடல்.

ஐம்பத்தேழில் கிருஷ்ணகிரியில் டிரில் மாஸ்டர்கள் கூட்டம் நடந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்த இளவயது மாஸ்டர் ஒருவர் எழுந்தார். இனிமேல் சின்னப் பையன்கள் ஆட்டத்தில் இடத்தைக் காத்து நிற்கக்கூடாது, ஒவ்வொருவனும் எதிரணியில் ஒரு ஆளைக் காக்கவேண்டும், அப்போதுதான் ஓடவும் தட்டவும் பழகுவார்கள் என்றார்.

"கப்பு ஜெயிக்கறது தப்பா சார்?" என்று கேட்டாராம் அண்ணன்.

"ஜெயிச்ச பசங்க இப்ப எங்க ஆடறாங்க சார்?"

வாக்கெடுப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள். அண்ணனும் தூக்கினார். "நிரந்தரமா இருக்கறவன் கையைக் கீழ வெச்சிருக்கலாம் நஞ்சம்மா, நான் எப்படி?" என்று வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னார். அண்ணி அந்த மாஸ்டரின் வம்சத்தையே வைதார்.

புது விதியைப் பையன்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உன் ஆளை விடாதே என்றால் விடவே இல்லை. பழகும்போது ஒருவன் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனால், அவனைக் காக்கிறவன் கையை விரித்தபடி கூடவே போனான்.

மூன்றாவது கப்புக்கான கடைசி ஆட்டம் கெலமங்கலத்துப் பிள்ளைகளோடு. மைதானத்து வேலிக்கு வெளியே நானும் அண்ணியும் நின்றோம். நடுவர், அதே சென்னை மாஸ்டர். கெலமங்கலத்தில் நன்றாக ஆடுகிறவன் கவுடர் மகன். அவனைக் காக்கவேண்டியவன் எங்கள் முனிராஜ். முனிராஜின் அப்பா கரியப்பன் அந்தக் கவுடர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர்.

கவுடர் மகன் பந்தோடு வந்தான். முனிராஜ் ஓரமாக ஒதுங்கி நின்றான். பந்து வளையத்தில் விழுந்தது. மறுபடி வந்தான், மறுபடி ஒதுங்கினான். பாதையில் கவுடர் வீட்டு வண்டி வந்தால் எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். பாத்தி இருந்தவரை இந்தத் தொந்தரவு இல்லை. பாத்திக்கு முகம் கிடையாது. பாதி ஆட்டத்தில் பத்துக்கு நாலு.

அண்ணன் ஓடினார். "ஏன்டா வழி விடற?"

"எங்க சின்ன கவுடரு சார்."

"இங்க என்னடா கவுடரு? எதிர்ல போய் நில்லு!"

"எங்கப்பா பாக்கறாரு சார்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். வேலியோரம் கரியப்பன் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுத் திம்மராயன் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கை தானாகவே துண்டைத் தேடியது.

கரியப்பன்தான் வேலிக்கு மேலே குனிந்து மகனைக் கூப்பிட்டார். "டேய், மூஞ்சியைப் பாக்காத. பந்தை மட்டும் பாரு. பந்து யாரு ஊட்டு நெலத்துலயும் மொளைக்கலை."

அடுத்த முறை கவுடர் மகன் வந்தபோது முனிராஜ் பந்தைப் பார்த்தான். ஒரே எட்டில் அதைப் பறித்துவிட்டான். வேலியோரம் கூச்சல். எதிரே மைதானம் காலி. முனிராஜ் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கோடிவரை ஓடினான். விசில். தட்டாமல் ஓடக்கூடாது, பந்து கெலமங்கலத்துக்கு.

மறுபடி பறித்தான். மறுபடி அணைத்துக்கொண்டு ஓடினான். மறுபடி விசில். ஏழு தடவை பறித்தான், ஏழு விசில்.

"டேய் முனிராஜூ, அது ஆட்டுக்குட்டி இல்லடா, கீழ போட்டுத் தட்டுடா!" என்று கவுடர் மகனே கத்தினான்.

எட்டாவது தடவை தட்டினான். இரண்டு தட்டு சரியாக விழுந்தது. மூன்றாவது அவன் கால்மேலேயே விழுந்து வேலிக்கு வெளியே போயிற்று. மற்ற பையன்கள் எப்படியோ கூடைக்குள் மூன்று போட்டார்கள். கெலமங்கலத்துப் பிள்ளைகளும் இரண்டு போட்டார்கள். பதினாலுக்குப் பத்து. கப்பு கெலமங்கலத்து பஸ்ஸில் ஏறியது.

மறுநாள் காலை அண்ணன் திம்மராயன் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே வந்து சொன்னார்.

"கப்பு வந்திருந்தா வேலை நிரந்தரம் ஆகியிருக்குமுங்களே அய்யா" என்றாராம்.

"அது எப்படிப்பா ஆகும்? சென்னையில படிச்ச சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் நிரந்தரம். சேலம் ஜில்லா ஆபீஸ்ல அதைத்தான் கேப்பாங்க. கப்பையா கேப்பாங்க?"

"நீங்க சொன்னீங்களே அய்யா."

"ஒரு உற்சாகத்துக்குச் சொன்னேன். சொல்லாம இருந்தா நீ இவ்வளவு பாடுபட்டிருப்பியா?"

அண்ணி அன்று வைததை எழுதமுடியாது. அண்ணன் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவருக்கே மறுபடி மனு எழுதறீங்களா?"

"பந்துக்கு எழுதறேன்."

"பந்தா?"

"பத்துப் பசங்களுக்கு ஒரு பந்து வெச்சிருந்தேன் நஞ்சம்மா. நிக்கறதுக்கு அது போதும். எவன் தட்டிப் பழகியிருப்பான்? நான்தான் நிறுத்தி வெச்சேன்."

நாலு பந்து கேட்டிருந்தார். கப்பு இல்லாத வருஷத்துக்கு இரண்டே அதிகம் என்று எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். ஜூனில் வழக்கமான தாளும் வந்தது, மேலும் ஓராண்டுக்கு.

வந்த இரண்டு புதுப் பந்தில் ஒன்றை முதல் நாளே முனிராஜ் யாரையும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஒரு வாரம் கழித்துக் கரியப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தப் பந்தைத் திருப்பி வாங்கிக்குங்க. பொழுது விடிஞ்சா போனா தட்டிக்கிட்டே இருக்கான். சொவத்து மண்ணெல்லாம் உதிருது."

அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை.