தம்பிதுரையின் தொண்ணூறு நாள்

தம்பிதுரை முப்பத்தொரு வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தவர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று மஸ்டரில் ஏற்றுவது அவர் வேலை. நள்ளிரவுக்கு மேல் தொடங்கிக் காலை எட்டு மணி வரை ஓடும் ஷிப்டுக்கு ஆலையில் ‘முழு நைட்’ என்று பெயர். அதில் வேலை பார்த்தவருக்கு முந்தைய நாள் தேதியில்தான் வருகை விழும். எட்டு மணிக்குச் சங்கு ஊதினால்தான் ஆலைக்கு மறுநாள் பிறக்கும்.

தம்பிதுரைக்கும் அப்படித்தான். மகள் கனிஷ்கா விடியற்காலை மூன்றரை மணிக்குப் பிறந்ததைக்கூட முந்தைய தேதியில்தான் டைரியில் எழுதினார். மனைவி அன்புச்செல்வி சண்டை போட்டுத் திருத்த வைத்தாள். அவர் வாழ்நாளில் திருத்திய பதிவு அது ஒன்றுதான்.

ஒருமுறை அன்னூரிலிருந்து ஆலை வேலைக்கு வரும் முத்தாத்தாள் நான்கு நிமிடம் தாமதமாக வந்து நின்றாள்.

“ஏனுங்க, பஸ்ஸு நடுவழீல நின்னு போச்சுங்க. அரை நாளு கூலி போயிருமுங்க.”

“மஸ்டருல ஏறுனது ஏறுனதுதானுங்க அம்மணி” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கனிஷ்காவுக்குப் பதினேழு வயது. ஒன்பது வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். 2026 அவளுக்கு ஜூனியரில் கடைசி வருடம். ஆண்டு முடிவில் உலக ஜூனியர் வரிசையில் முதல் நூறு பேருக்குள் வந்தால் பெரியவர்களுக்கான போட்டிகள் சிலவற்றில் இடம் ஒதுக்குவார்கள். வராவிட்டால் அடிமட்டத்திலிருந்து தகுதிச் சுற்றுகளாக ஆடி ஏற வேண்டும். ஜனவரியில் அவள் 146-ஆம் இடத்தில் இருந்தாள். புள்ளிகள் கிடைக்கும் போட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் நடந்தன.

அங்கே போக, பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நூற்றெண்பது நாளை எடுத்தாலும் அதற்குள் தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இதைக் கேட்டதும் தம்பிதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. நீளமான நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டார்.

முதல் பயணம் ஜனவரி 3 முதல் பிப்ரவரி 2 வரை. இரண்டாவது பிப்ரவரி 21 முதல் மார்ச் 22 வரை. சென்னைக் குழு ஒன்றோடு போனாள். போகும்போது பகலில் போய் இறங்கினாள். திரும்பும்போது இரண்டு முறையும் அதிகாலை விமானம். நான்கு மணிக்கு அங்குள்ள இமிக்ரேஷனைத் தாண்டினாள்.

“அப்பா, கெளம்பற நாளும் சேருமுங்களா?” என்று மார்ச்சில் கேட்டாள்.

“காலைல நாலு மணின்னா அது எந்த நாளு கண்ணு? முந்தின நாளு முழு நைட்டு” என்று சிரித்தார். நோட்டில் முதல் பயணத்துக்கு முப்பது, இரண்டாவதற்கு இருபத்தொன்பது என்று இருந்தது.

உக்கடத்துக்காரரான பயிற்சியாளர் சஹீருக்கு மனம் ஒப்பவில்லை. “ஏனுங்ணா, எதுக்கும் கம்ப்யூட்டர்ல ஒருக்காப் போட்டுப் பாத்தரலாமுங்களா?”

“எண்ணூறு பேருத்துக் கணக்குப் பாத்தவன் சஹீரு நான். ஒரு நாளு பெசகுனதில்ல. உன்ற கம்ப்யூட்டர நீயே வெச்சுக்க.”

“சரிங்ணா. டைம் ஆபீஸுல சொன்னா அப்பீலு ஏது!”

மூன்றாவது பயணம் ஏப்ரல் 11-இல் தொடங்கியது. மே 8 அன்று கனிஷ்கா போன் செய்தாள். குழுவில் மற்ற பிள்ளைகள் தோற்றுவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை எல்லோரும் கிளம்புகிறார்கள். அவள் மட்டும் அரையிறுதியில் இருந்தாள். வேண்டுமானால் குழுவின் பயிற்சியாளர் ஒருவர் அவளோடு தங்குவதாகச் சொன்னாராம்.

“நாள் இருக்குதுங்களாப்பா?”

தம்பிதுரை நோட்டைப் பார்த்தார். “இன்னும் மூணு நாளு கையில இருக்குது. ஆடிப்போட்டு வா கண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை அவள் கோப்பையை வென்றாள். அன்புச்செல்வி தெருவுக்கே கேசரி கொடுத்தாள். தம்பிதுரை நோட்டில் எண்பத்தொன்பது என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மே 11 காலை ஏழே முக்காலுக்கு மறுபடி போன் வந்தது. அங்கே விடியற்காலை நாலேகால்; ஆலையில் இன்னும் சங்கு ஊதாத நேரம்.

“அப்பா, இமிக்ரேஷன்ல என்னையத் தனியா நிறுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு நாளு அதிகமுங்கறாங்க. ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்கப்பா.”

“இருக்காது கண்ணு. எண்பத்தொம்போதுன்னு சொல்லு.”

“சொன்னேனுங்க. ஸ்கிரீனத் திருப்பிக் காட்டறாங்க. தொண்ணூத்திரெண்டுன்னு இருக்குதுப்பா.”

போன் அறுந்தது. தம்பிதுரை சுவரிலிருந்த காலண்டரை இறக்கி, போய் இறங்கிய நாள், கிளம்பிய நாள், இடையிலுள்ள நாள் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையால் புள்ளி வைத்தார். முப்பத்தொன்று. முப்பது. முப்பத்தொன்று. மூன்று பயணத்திலும் கடைசிப் புள்ளி அவர் நோட்டில் இல்லை.

கனிஷ்கா வந்து சேர்ந்தாள். வரிசையில் 118. ஜூலையில் நான்கு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜூன் 3 அன்று புதிய விசாவுக்கு மனுப் போட்டார்கள். தவறு எப்படி நேர்ந்தது என்று தம்பிதுரை இரண்டு பக்கம் எழுதி இணைத்தார். அதன்பின் தினமும் கூரியர் வண்டியின் சத்தத்துக்கு எழுந்து போய் கேட்டில் நின்றார். கனிஷ்கா காலையும் மாலையும் களிமண் மைதானத்தில் ஆடினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அச்சுறுத்தியது.

ஜூன் 24 அன்று உறை வந்தது. விசா மறுப்பு, ஓராண்டுக்கு ஷெங்கன் நாடுகளில் நுழையத் தடை. உறையோடு மைதானத்துக்குப் போனார். சஹீர் படித்துவிட்டுத் தலைகுனிந்து பந்துகளைக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்.

“நாந்தான் கண்ணு. கெளம்புன நாளுக மூணையும் உட்டுப்போட்டேன்” என்றார் தம்பிதுரை.

கனிஷ்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “மார்ச்சுலயே கேட்டேனுங்கப்பா” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். ஆகஸ்டில் ஐரோப்பாவுக்கு வெளியே வேறொரு நாட்டில் நடக்கும் போட்டிக்கான விசா மனு. ஒன்பதாவது கேள்வியில் பேனாவை வைத்துக் காட்டினாள். இதற்கு முன் எந்த நாட்டிலாவது அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியதுண்டா, விசா மறுக்கப்பட்டதுண்டா?

“இதுல என்னுங்கப்பா போடறது?”

தம்பிதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேள்வியைப் படித்தார். இனி எந்த நாட்டுப் படிவத்திலும் இந்தக் கேள்வி இருக்கும்.

“ஆமான்னு போடு” என்றார்.

அவள் டிக் செய்தாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சஹீர் பந்தைப் போடவில்லை.

“போடுங்கண்ணா” என்றாள்.