பதினோராவது டின்

காலை ஆறு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தரையில் கிடந்த சோறு. எஸ்டேட் வாசலில், முள்கம்பிக் கதவுக்கு அருகே, செம்மண்ணில் ஒரு கை அளவு வெள்ளைச் சோறு சிதறிக் கிடந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் அதை மிதிக்காமல் விலகி நடந்தார்கள்.

ஒரு பெண்ணின் பால் வாளிக்குள் இருந்த சோறு அது. வாழையிலையில் சுற்றி வைத்திருந்தாள். வாசலில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அதை எடுத்துப் பிரித்துக் கீழே கொட்டினார். அந்தக் காவலர்களை நாங்கள் எஸ்.சி. என்றுதான் சொல்வோம்.

"பசிக்கு வெச்சிருந்தேன்ணே. பத்து மணிக்குக் கண்ணு இருட்டுது."

"இருட்டட்டும். என் மச்சானுக்குப் பகல்லயே இருட்டுதாம். போய்க் கேட்டுட்டு வா."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மலாயாவில் அவசரகாலத்தின் நாலாவது வருடம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம். வேலைக்காட்டுக்குச் சமைத்த சோறும் கொண்டுபோகக்கூடாது. டின்னில் அடைத்த எதையும் துளை போடாமல் கடைக்காரன் விற்கக்கூடாது. துளை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டில் புதைத்து வைக்க உதவாது. துளையில்லாத டின் ஒருவர் கையில் இருந்தால் அது யாருக்கென்று கேள்வி வரும்.

எஸ்.சி. சொன்ன மச்சான் அவர் மனைவியின் தம்பி. அதே வாசலில் காவல் நின்றவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் சைக்கிளில் அரை மூட்டை அரிசி கொண்டுபோனார். எஸ்டேட் துரைக்குத் தெரியும் என்றார். இவன் விட்டுவிட்டான். விசாரணையில் துரைக்கு எதுவும் தெரியவில்லை, மண்டோருக்கு எதுவும் ஞாபகமில்லை. அவனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எஸ்.சி. யாருடைய வாய்ச்சொல்லையும் ஏற்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்து, ஜீப்பில் உட்கார்ந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஸ்.சி.யின் கை ஒருமுறை தளர்ந்தால் வேலை போகும், லயத்து வீடு போகும், அவரும் மச்சான் போன இடத்துக்கே போக நேரும். இது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குக் கோலசிலாங்கூர் திடலில் விழா. நாட்டைக் காக்கிறவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கௌரவிக்கும் நாள் என்று கடிதம் வந்திருந்தது. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு வட்டாரச் செய்தியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் எஸ்டேட் எஸ்.சி.க்களின் பிள்ளைகள் பதினோரு பேரைத் திடலுக்குக் கூட்டிப்போய்த் திரும்ப ஒப்படைப்பது என் பொறுப்பு. ஆள் குறைவு என்பதால் காலையில் சோற்றைக் கொட்டிய எஸ்.சி. வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அவர் மகள் லோரியில் ஏறினாள். ஒன்பது வயது, எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய ஜடை.

"வாத்தியாரே, பிள்ளையப் பாத்துக்குங்க," என்றார். பிறகு லோரியின் அடியையும் குனிந்து பார்த்தார்.

புக்கிட் ரோத்தானைத் தாண்டும்வரை பிள்ளைகள் பேசவில்லை. அந்த வளைவில் போன மாதம் ஒரு லோரி எரிக்கப்பட்டிருந்தது. கறுத்த இரும்புச் சட்டம் இன்னும் பள்ளத்தில் கிடந்தது.

திடலில் மூன்று பேச்சுகள், ஓர் அணிவகுப்பு, பேண்டு. வெயில் ஏறியதும் ஒரு பையன் மயங்கி விழுந்தான். அதிகாரி ஒருவரின் மனைவி, கையுறை போட்ட கையால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதக் கொடியும் ஒரு டின்பாலும் கொடுத்தார். டின்கள் பெட்டியிலிருந்து நேராக வந்தவை. எதிலும் துளை இல்லை. பரிசுப்பொருளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஏற்பாடு செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் யோசித்தேன். லோரி நின்ற இடத்துக்கு எதிரே சீனர் கடை. பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போனேன். கடைக்காரர் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். பால் வழியாமலிருக்கப் பிள்ளைகள் கொடியின் ஓரத்தைக் கிழித்து உருட்டித் துளையில் அடைத்தார்கள். சுத்தியல் பத்து முறை விழுந்தது. பிள்ளைகள் பதினோரு பேர்.

எஸ்.சி.யின் மகள் பாவாடை மடிப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் டின் எங்க?"

"வேணாம் சார். ஓட்ட போட்டா ஆத்தாளுக்கு ஆகாது. எச்சில் மாதிரி ஆயிரும்."

"எந்த ஆத்தாளுக்கு?"

"நம்ம மாரியாத்தாளுக்கு. மாமன் திரும்பி வரணும்னு வேண்டியிருக்கேன். வெள்ளிக்கெழம பாலாபிஷேகத்துக்குக் குடுக்கணும்."

பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்: "இவ மாமன் வர்றதுக்கு ஒரு டின்னு பத்தாது சார். ஒரு பெட்டி வேணும்."

"ஒங்கப்பன் தொப்பைக்குத்தான் பெட்டி வேணும்," என்றாள்.

அங்கேயே வாங்கித் துளை போட்டிருக்க வேண்டும். அரசாங்கமே கொடுத்த டின், வாசலில் நிற்பது அவளுடைய அப்பா என்று இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, லோரியில் ஏறு என்றேன்.

வாசலை அடைந்தபோது மணி இரண்டு பத்து. ஜீப் நின்றிருந்தது. அதிகாரி முன்சீட்டில் ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

எஸ்.சி. பிள்ளைகளை இறக்கி வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொரு டின்னையும் வாங்கி, காகித அடைப்பைப் பிடுங்கி, துளையைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். யாருக்காகவும் அவசரப்படவில்லை. மகள் ஏழாவதாக நின்றாள். அவளிடம் கொடி மட்டும் இருந்தது.

"டின்னு எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எங்கன்னு கேட்டேன்."

பாவாடை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் மூடியைத் தடவினார்.

"யாருக்கு?"

"மாமனுக்கு."

அந்த ஒரு சொல் அதிகாரிக்குப் புரிந்திருக்காது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் புரிந்தது. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். டின்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், சிரித்தார். மலாயில் சொன்னார்: "இன்றைக்குக் கொடுத்த பரிசுதானே. விடு."

எஸ்.சி. விறைப்பாக நின்றார். "துவான், அப்படியே எழுதிக் கொடுங்கள்."

"எதை?"

"துளையில்லாத டின்னை விடலாம் என்று."

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. சட்டத்துக்கு எதிராகத் தன் கையெழுத்தை வைக்க அவருக்கு மனமில்லை. பிறகு சொன்னார்: "எழுதத்தான் வேண்டுமென்றால் நீயே எழுது."

எஸ்.சி. காவல் குடிலுக்குள் போய்ச் சோதனைப் புத்தகத்தை எடுத்துவந்தார். மணல்மூட்டை மேல் வைத்துத் தமிழில் எழுதினார். அதிகாரி புத்தகத்தை என்னிடம் நீட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். என் பெயர் இருக்குமென்று நினைத்தேன். இருந்தது இவ்வளவுதான்: மணி இரண்டு இருபது. டின்பால் ஒன்று, துளை இல்லை. கொண்டுவந்தது என் மகள். அவளுக்குப் பொறுப்பு நான்.

சொன்னேன். சொல்லி முடித்ததும், டின்னில் துளை இல்லாதது கடையிலேயே எனக்குத் தெரியும், ஏற்றி வந்தவன் நான் என்றும் சொன்னேன்.

"அப்படியானால் இரண்டு பேரும் நாளை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள்," என்றார். டின்னை ஜீப்பில் எடுத்துப் போனார்கள். மீதி நான்கு பிள்ளைகளின் டின்களையும் சோதித்த பிறகுதான் எஸ்.சி. கதவைத் திறந்தார்.

மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். புக்கிட் ரோத்தானில் ஆள் இறங்கும்போது அவர் கேட்டார்: "நீங்க ஏன் வாத்தியாரே வாயத் தொறந்தீங்க? ஒரு ஆளு போதும் லா."

"தப்பு என்னுதுதானே."

"தப்பு யாருதா இருந்தாலும் நிக்க வெச்சுத்தான் கேப்பாங்க. உங்களுக்குக் காலு வலிக்கும்."

என்னை இருபது நிமிடம் கேட்டார்கள். கவனமாக இருக்கும்படி எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். மகள் எதற்காக வேண்டிக்கொண்டாள், மச்சானோடு தொடர்பு உண்டா, கடிதம் வந்ததா, வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அவரைக் கேட்டது மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வெளியே வந்தவர் குழாயில் முகம் கழுவிவிட்டுச் சொன்னார்: "வேலை இருக்கு. எடந்தான் வேற."

அம்பாங் பெச்சாவுக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஓர் எஸ்டேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அந்த மாதம் இரண்டு எஸ்.சி. இடங்கள் காலியாகியிருந்தன. எந்தச் சூட்டில் காலியாயின என்று செய்தி அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய் மூட்டை, ஓர் அம்மி. அம்மியைப் புதிதாக வந்த எஸ்.சி. தூக்கிப் பார்த்து, அடியையும் சோதித்துவிட்டு, ஏற்ற விட்டார்.

திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.