முத்தையா அண்ணாச்சி வாட்டாமல் தந்த ஆட்டு மூட்டு

முத்தையா அண்ணாச்சி போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கறிக்கடை அண்ணாச்சி. காலையில் அவர் மகள் போன் செய்தாள்... இன்னும் எனக்குக் கை ஓடவில்லை.

தொண்ணூறுகளில் நான் மதுரையில் ஒரு லேபில் ரிசர்ச் ஸ்டூடண்ட். ஆட்டு மூட்டின் குருத்தெலும்பிலிருந்து செல்களை உயிரோடு பிரித்து வளர்ப்போம். மூட்டு வீங்கினால் அவை எப்படி அழிகின்றன, அழிந்தது திரும்ப வளருமா... இதுதான் என் வேலை.

வீடு ராஜபாளையம். ஞாயிறு காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து அண்ணாச்சி கடையில் மூட்டு வாங்கி, ஐஸ் டப்பாவோடு மதுரைக்கு அடுத்த பஸ்.

முதல் தடவை லேபில் பொட்டலத்தைப் பிரித்தால்... தீயில் வாட்டி, முடியைச் சுரண்டி, மஞ்சள் தடவி, சூப்புக்குத் தயாராக இருந்தது. ஒரு செல்கூட உயிரோடில்லை. கைடு என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் சண்டைக்குப் போனேன்.

"படிச்ச புள்ளைக்கு மயிரோடயா குடுப்பேன் தங்கச்சி?"

"செல்லு உசுரோட வேணும் அண்ணாச்சி."

"கழுத்தறுத்த ஆட்டுக்குக் காலுல மட்டும் உசுரு இருக்குமாக்கும்!" கடையே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு வாட்டாமல், முடியும் தோலுமாகத்தான் தந்தார்.

ஒருமுறை கல்யாணத்துக்கு மதுரை வந்தவர் லேபுக்கும் வந்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டும் உசுரோடயா இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. பெருகிக்கிட்டும் இருக்கு."

வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். நாளெல்லாம் நின்று கறி வெட்டி, அப்போதே நொண்ட ஆரம்பித்திருந்தார்.

"அப்போ ஏங் காலுல இத வச்சிரலாம்லா?"

"இது ஆட்டோடது. மனுசனுக்கு வர ரொம்ப வருசமாகும். வீங்குன மூட்டுல புதுசா வச்சாலும் நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி." தலையாட்டினார். புரிந்ததென்றுதான் நினைத்தேன்.

பிறகு கடையை விட்டார். அப்புறம் கட்டிலோடு... முதுகெல்லாம் படுக்கைப் புண்.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று எத்தனை தடவை போனில் சொல்லியிருப்பேன். "பாப்போம் தங்கச்சி" என்பார். அவ்வளவுதான்.

ஏன் கடைசிவரை செய்யவில்லை என்று இன்று மகளிடம் கேட்டேன்.

"ஒங்களால தான் அத்தை. 'ஏட்டி, தங்கச்சி மதுரையில வளத்துக்கிட்டு இருக்கா, பொறு'ம்பாவ."

அந்த லேபை மூடி எவ்வளவோ காலமாகிறதே, உன் அப்பாவிடம் நானே சொன்னேனே என்றேன்.

"நானும் சொன்னேன் அத்தை. 'வேற எடத்துல வச்சு வளப்பா'ன்னுட்டாவ."

சாயங்காலம் எடுக்கிறார்கள். பஸ் ஏறிவிட்டேன் அண்ணாச்சி...