நோயில்லாதவனுக்கு ஒரு ஸ்கேன்

போன மாதம் எனக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பதறாதீர்கள்... எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதால்தான் எடுத்தார்கள்.

செங்கல்பட்டில் நான் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பெண் டாக்டர் பிரதி எடுக்க வந்தார். நின்றபடியே என்னை விசாரித்தார். பீடி, சிகரெட் உண்டா? இல்லை. இளைப்பு, இருமல்? இல்லை. கல் வேலை, சிமென்ட் வேலை பார்த்ததுண்டா? இல்லை.

"அப்ப நீங்கதான் சார் எங்களுக்கு வேணும்."

என் கல்யாணத்துக்குப் பிறகு, நான்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவர்களின் நுரையீரலைத் தூசு என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி. எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்பக் கோளாறுகூட சி.டி.யில் தெரியுமாம் — வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிப் பார்ப்பதுபோல நெஞ்சுக்குள் பார்க்கலாமாம். ஆனால் அதை எதோடு ஒப்பிடுவது? அதற்குத் தூசு படாத ஆள் வேண்டும். கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, விருப்பமில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம் என்றும் சொன்னார்.

மறுப்பதா? மறுத்துப் பழக்கமிருந்தால் இந்தப் பத்தியை எழுதவே ஒப்புக்கொண்டிருப்பேனா?

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எதையெல்லாம் கழற்றுவது? கேட்கக் கூச்சம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். சட்டையும் பனியனும் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரிய வளையம், அதற்குள் நுழையும் படுக்கை. மைக்கில் மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள்; பிடித்தேன். விடச் சொன்னது காதில் விழவில்லை. விடலாமா என்று கேட்கவும் கூச்சம்... கடைசியில் ஸ்கேன் எடுப்பவரே ஓடி வந்து விடச் சொன்னார்.

முடிந்து உடை மாற்றப் போகும்போதுதான் வினை. அந்த அங்கிக்கு முடிச்சு முதுகுப் பக்கம். அது அவிழ்ந்துவிட்டது. வராந்தாவில் எதிரே வருகிறார் ஏகாம்பரம்.

யார் ஏகாம்பரம்? திருவிடந்தைக்காரர். மகனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. என் மகள் செல்வியைப் பெண் பார்த்துவிட்டு, நிச்சயத்துக்குத் தேதி சொல்லி அனுப்புவதாகப் போயிருந்தார்கள். இவர் தன் அக்காவின் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கிறார்.

நான் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். என் இரண்டு கைகளும் பின்னால் வேலையாக இருந்தன — எப்படிக் கும்பிடுவது? சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டேன்.

தேதி வரவில்லை. மனைவியின் தம்பி குமார்தான் சேதி கொண்டுவந்தான். பெண்ணின் அப்பாவுக்குப் பெரிய வியாதியாம், மறைக்கிறோமாம், பார்த்ததும் ஓடி ஒளிந்தாராம்.

"நல்லா கீறவன் எவனாவது போய் ஸ்கேன் எடுத்துப்பானா மாமா?" என்று அவனே என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

நம் ஊரில் ஒருவனுக்கு வியாதி என்றால் உடனே நம்பிவிடுகிறார்கள். இல்லை என்றால்தான் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் எடுக்கப் போனால்... அதுவே வியாதிக்கு ஆதாரம்!

நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்திருப்பேன். மனைவி சொன்ன ஒரு வார்த்தை உலுக்கிவிட்டது.

"இன்னாங்க, செல்விக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிருக்குது. சரியா சோறுகூட துன்றதில்ல, பாத்தீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஸ்கேன் படத்தோடு திருவிடந்தைக்கு பஸ் ஏறினோம். ஏகாம்பரம் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். எனக்கும் தெரியவில்லை, அவர் மகன்தான் நேராகத் திருப்பிக் கொடுத்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் என் மனைவி எடுத்துச் சொன்னாள். ஏகாம்பரம் படத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி சார். ஒண்ணும் இல்லாத மனுசன் என்னெப் பாத்து ஏன் ஒளியணும்?"

அவர், அவர் மனைவி, அக்கா, மகன்... எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் மணி கேட்கவே தயங்குகிறவன் நான். செல்வியை நினைத்துக்கொண்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"முடிச்சு பின்னால அவுந்துபோச்சுங்க. வேட்டியவேற கழட்டி வச்சிருந்தேன்."

முதலில் அக்காதான் சிரித்தார் — முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு வீடே சிரித்தது. ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கா ஒளிஞ்சிகினு இருந்தீங்க? ஒரு கொரல் குடுத்திருந்தா என் துண்டக் குடுத்திருப்பேனே சம்மந்தி."

சம்மந்தி! அந்தச் சொல்லை என் மனைவி தரையில் விழ விடவில்லை. "அப்ப தேதியச் சொல்லிடுங்க" என்றாள். தை மாதம் நிச்சயம்.

டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்கக் கூச்சம், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்... அந்த முடிச்சை முன்பக்கம் வைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடுமா?